நிழலைத் தொலைத்த கணவாய்

ஹவாய்த் தீவுகளின் ஆழமில்லாத கடலோரத்தில், கிழக்கு வெளுக்கும் நேரத்தில், ஒரு சின்னஞ்சிறு கணவாய் தன் உடலுக்குள் இரவெல்லாம் ஊட்டி வளர்த்த பாக்டீரியாக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கடலில் துப்பிவிடுகிறது. அதற்கு நோய் எதுவும் இல்லை. நேற்றும் துப்பியது, நாளையும் துப்பும். துப்பிய கையோடு மணலுக்குள் புதைந்துகொண்டு பகலைக் கழிக்கும். உள்ளே மிஞ்சிய ஐந்து சதவீதம் மாலைக்குள் பெருகிப் பழைய கணக்குக்கு வந்துவிடும். இரவில் மறுபடி அவற்றுக்கு வேலை இருக்கிறது. கணவாயின் நிழலை அழிக்கும் வேலை.

இதன் அறிவியல் பெயர் யூப்ரிம்னா ஸ்கோலோப்ஸ். ஸ்டில்மன் பெரி என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1913இல் இதை விவரித்துப் பெயரிட்டார். வளர்ந்த கணவாயின் உடல் மூன்று சென்டிமீட்டர் இருக்கும், எடை மூன்று கிராமைத் தொடாது. பின்பக்கம் உருண்டையாக முடிந்துவிடும். இரண்டு பக்கமும் யானைக் காது போலச் சிறு துடுப்புகள். நம் மீன் சந்தைக்கு வரும் ஓட்டுக் கணவாய், ஊசிக் கணவாய் இரண்டுக்குமே உறவுதான் என்றாலும், இதன் உடலுக்குள் அந்த வெள்ளை ஓடும் கிடையாது, கண்ணாடி போன்ற முள்ளும் கிடையாது. வாழ்நாள் சில மாதங்கள், அதிகம் போனால் பத்து மாதம். அதற்குள் வளர்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும்.

பகலில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். மணலில் இறங்கி, கைகளால் மணலை வாரித் தலைமேல் போட்டுக்கொள்ளும். தோலில் ஒருவகைப் பசை சுரப்பதால் மணல் ஒட்டி நிற்கும், தப்பி ஓட வேண்டிய நேரத்தில் அந்தப் போர்வையை ஒரே கணத்தில் உதறிவிடவும் முடியும். இருட்டியதும் இறால் பிடிக்க வெளியே வரும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம் உள்ள தெளிந்த நீரில் நிலவொளியும் விண்மீன் ஒளியும் அடிவரை இறங்கும். அந்த வெளிச்சத்துக்குக் குறுக்கே நீந்தும் எதுவும், கீழே மணலில் பதுங்கியிருக்கும் தும்பிலி மீனின் கண்ணுக்குக் கறுத்த உருவமாகத் தெரியும். மேலே வானம் மங்கலாக ஒளிர, நடுவில் ஓர் இருட்டுத் துண்டு நகர்கிறது. இரை வந்துவிட்டது என்று அறிய மீனுக்கு அதுவே போதும்.

கணவாய் இதற்குக் கண்ட வழி, அடிவயிற்றிலிருந்து கீழ்நோக்கி ஒளி வீசுவது. மேலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறதோ அவ்வளவே கீழே போக வேண்டும். கூடினால் விளக்கு எரிவது தெரிந்துவிடும், குறைந்தால் நிழல் தெரிந்துவிடும். இரண்டும் சமமாக இருந்தால் கணவாய் பின்னணியில் கரைந்துவிடும். தலைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆய்வகத்தில் சோதித்தபோது, அதற்கேற்பக் கணவாயின் அடிப்பக்க ஒளியும் கூடிக் குறைந்தது. மனிதர்களுக்கும் இந்த யோசனை வந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிகளைத் தாக்கப் போகும் விமானங்களின் முன்பக்கத்தில் விளக்குகளை வரிசையாகப் பொருத்திப் பார்த்தது. வானத்தின் வெளிச்சத்துக்குச் சமமாக அவை எரிந்தபோது, வழக்கமாகப் பல மைல் தூரத்திலேயே கரும்புள்ளியாகத் தெரியும் விமானம் மிக அருகே வரும்வரை கண்ணில் படவில்லை. ரேடார் பரவலாகிவிட்டதால் திட்டம் கைவிடப்பட்டது. கணவாயின் எதிரிகளிடம் ரேடார் இல்லை.

ஒளி வீசும் உறுப்பு கணவாயின் அடிப்பக்கத்தில், மைப் பையை ஒட்டி, இரண்டு மடல்களாக இருக்கிறது. அதன் அமைப்பைப் பார்த்தால் கண்ணைத் தலைகீழாக்கியது போலிருக்கும். பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் பளபளப்பான படலம். ரிஃப்ளெக்டின் என்ற புரதத்தால் ஆனது. முன்னால் ஒளியைப் பரப்பிவிடும் வில்லை. பக்கவாட்டில் மைப் பை. அது சுருங்கி விரிந்து வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணை உருவாக்கும் மரபணுக்களில் சில இந்த உறுப்பு உருவாகும்போதும் இயங்குகின்றன. இன்னொன்றும் தெரியவந்தது. இந்த உறுப்பின் திசுக்களில் ஒளியை உணரும் புரதங்கள் இருக்கின்றன, ஒளி பட்டால் அவை மின்சமிக்ஞையும் தருகின்றன. அதாவது உள்ளே எவ்வளவு ஒளி உற்பத்தியாகிறது என்று இந்த உறுப்பால் பார்க்க முடியும். இந்தத் திறன் எதற்கு என்பது பின்னால் வரும்.

ஆனால் ஒளி கணவாயினுடையது அல்ல. உறுப்புக்குள் இருக்கும் நுண்ணிய அறைகளில் பல கோடிக்கணக்கில் அடைந்து வாழும் ஒரே வகை பாக்டீரியாவினுடையது. விப்ரியோ ஃபிஷெரி என்று பல காலம் அழைக்கப்பட்டது. 2007இல் அலிவிப்ரியோ என்று பேரினத்தை மாற்றினார்கள். ஆய்வாளர்களில் பலர் இன்னமும் பழைய பெயரையே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அந்தப் பெயருக்குள் இருக்கும் பெர்ன்ஹார்ட் ஃபிஷர் ஒரு ஜெர்மானிய மருத்துவர். ராபர்ட் கோக் தலைமையில் 1883-84இல் எகிப்துக்கும் கல்கத்தாவுக்கும் வந்த காலரா ஆய்வுக் குழுவில் இருந்தவர். பிற்பாடு ஒளிரும் கடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்ததால் அவர் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. காலராக் கிருமிக்கும் கணவாயின் விளக்குக்கும் இருக்கும் தொடர்பு பெயரோடு முடிவதில்லை. இரண்டும் ஒரே குடும்பம். இதே குடும்பத்தின் இன்னொரு ஒளிரும் உறுப்பினரான விப்ரியோ ஹார்வியை நம் கிழக்குக் கடற்கரையின் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை செய்தவர்கள் நன்றாக அறிவார்கள். இரவில் தொட்டி ஒளிர்ந்தால் இறால் குஞ்சுகள் சாகப்போகின்றன என்று பொருள்.

கடல் ஒளிர்வது என்றதும் சென்னைக்காரர்களுக்கு 2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீல நிறத்தில் மின்னியது நினைவுக்கு வரலாம். அது வேறு கதை. அங்கே ஒளிர்ந்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். அலை மோதி அசைத்தால் மட்டும் பளிச்சிட்டு அடங்கும். பாக்டீரியாவின் ஒளி அப்படி விட்டுவிட்டு மின்னுவதில்லை. ஆக்சிஜன் கிடைக்கும்வரை, கூட்டம் இருக்கும்வரை, சீராக எரியும்.

தாயிடமிருந்து இந்த பாக்டீரியா குஞ்சுக்குப் போவதில்லை. முட்டையிலிருந்து வெளியே வரும் இரண்டு மில்லிமீட்டர் குஞ்சிடம் ஒளியுறுப்பு தயாராக இருக்கிறது, அறைகள் தயாராக இருக்கின்றன. உள்ளே குடியிருக்க ஆள் இல்லை. கடல்நீரிலிருந்துதான் பிடிக்க வேண்டும். அந்தக் கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் மிதக்கின்றன. விப்ரியோ ஃபிஷெரி அவற்றில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. குஞ்சு ஒரு மூச்சுக்கு உள்ளே இழுப்பது ஏறத்தாழ ஒரு மைக்ரோலிட்டர் நீர். அதில் தனக்கு வேண்டிய பாக்டீரியா ஒன்று வந்தாலே அதிகம். வந்ததும் ஒரு நொடிக்குள் வெளியேறிவிடும். இருந்தும் கடலில் பிடிக்கப்படும் வளர்ந்த கணவாய் ஒவ்வொன்றின் ஒளியுறுப்பிலும் இந்த ஓர் இனம் மட்டுமே இருக்கிறது. வேறு எதுவும் தப்பித் தவறிக்கூட இல்லை.

இது எப்படி முடிகிறது என்ற கேள்விதான் மார்கரெட் மக்ஃபால்-நாய், எட்வர்ட் ரூபி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களை இந்தக் கணவாயிடம் கட்டிப்போட்டது. அவர் விலங்கியல் பக்கம், இவர் நுண்ணுயிரியல் பக்கம். 1991இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அவர்களது கட்டுரை, பாக்டீரியா உள்ளே நுழைந்தால்தான் ஒளியுறுப்பு முழு வளர்ச்சி அடைகிறது என்பதைக் காட்டியது. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் சேர்ந்து அந்த முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நடப்பதைக் கிட்டத்தட்ட நிமிடவாரியாக எழுதிவிட்டார்கள். படிக்கும்போது நம் ஊர் அரசுப் பணித் தேர்வுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது: முதல்நிலை, முதன்மை, நேர்முகம், அதற்கும் பிறகு பணிக்காலக் கண்காணிப்பு.

முதல் கட்டத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் அனுமதிக்கப்படுகிறார்கள். குஞ்சின் ஒளியுறுப்பின் இரு பக்கங்களிலும் கொம்பு போலச் சில நீட்சிகள் இருக்கின்றன. அவற்றின் மேல் அடர்த்தியாக நுண்மயிர்கள். நீண்ட மயிர்கள் ஒரே திசையில் அடித்து நீரில் சுழல்களை உண்டாக்குகின்றன. அந்தச் சுழல், பாக்டீரியா அளவுள்ள துகள்களை மட்டும் ஓர் அமைதியான மூலைக்கு ஒதுக்கிக் கொண்டுவருகிறது. பெரிய துகள்கள் நீரோடு போய்விடுகின்றன. பாக்டீரியாக்களின் செல்சுவர்த் துணுக்குகள் பட்டதும் கணவாயின் திசு சளியைச் சுரக்கத் தொடங்கும். எந்த பாக்டீரியாவின் துணுக்கானாலும் சளி சுரக்கும். ஆக இதுவரை பாகுபாடு எதுவும் இல்லை.

சளிக்குள் வந்த பிறகுதான் வடிகட்டல். அதில் நைட்ரிக் ஆக்சைடு கலந்திருக்கிறது. நம் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் அதே வேதிப்பொருள். பல இனங்கள் இங்கேயே பின்தங்கிவிடுகின்றன. விப்ரியோ ஃபிஷெரியோ அந்த நெடியை முன்கூட்டியே உணர்ந்து, அதை முறிக்கும் நொதியைத் தயாரித்துக்கொள்கிறது. கூடவே, பிசுபிசுப்பான ஒரு படலத்தைச் சுரந்து தன் இனத்தாரோடு ஒட்டிக்கொண்டு திரளாகிறது. இந்தத் திரள் உண்டாவதற்கு ஒரே ஒரு ஒழுங்குபடுத்தும் மரபணு முக்கியம் என்று 2009இல் தெரியவந்தது. ஜப்பானியக் கடலின் ஒரு மீனில் வாழும் விப்ரியோ ஃபிஷெரி வகையிடம் அந்த மரபணு இல்லை, அதனால் ஹவாய்க் கணவாயில் அது குடியேற முடியாது. ஆய்வகத்தில் அந்த ஒரு மரபணுவைச் சேர்த்ததும் குடியேறிவிட்டது. ஒரு விலங்கை விட்டு இன்னொரு விலங்குக்குப் பாக்டீரியா மாறிப்போக நூற்றுக்கணக்கான மாற்றங்கள் வேண்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது அதிர்ச்சி. புதுப்புது நோய்கள் விலங்குகளிலிருந்து மனிதனுக்குத் தாவும் காலத்தில் இந்த முடிவைக் கொஞ்சம் கவலையோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

நுண்மயிர்களின் மேல் விப்ரியோ ஃபிஷெரி செல்கள் நாலைந்து ஒட்டினால் போதும், கணவாயின் மரபணுக்கள் சில விழித்துக்கொள்கின்றன. நாலைந்து! சுற்றிலும் மொய்க்கும் ஆயிரக்கணக்கான வேற்று இனங்களுக்கு நடுவே. விழித்துக்கொள்ளும் மரபணுக்களில் ஒன்று, கைட்டினை உடைக்கும் நொதிக்கானது. இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின். உடைந்த துண்டுகள் உள்ளறைகளின் வாசலிலிருந்து சளிக்குள் கசிந்து வர, அந்த இனிப்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாக்கள் உள்நோக்கி நீந்துகின்றன. வாசல் துளைகள் பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலத்துக்குச் சற்று மேல். நீந்தத் தெரியாத திரிபுகள் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே போகும் குழாயில் மறுபடி நைட்ரிக் ஆக்சைடு, பிறகு ஒரு குறுகிய இடுக்கு. அதையும் கடந்து ஓர் அறைக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் ஒன்றிரண்டு செல்களே. அறை முழுவதும் பிற்பாடு நிறையும் கூட்டம் அந்த ஒன்றிரண்டின் வாரிசுகள்.

பன்னிரண்டு மணி நேரத்தில் குஞ்சு ஒளிரத் தொடங்கிவிடும். இதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பான பகுதி.

ஆள் கிடைத்துவிட்டதால் கணவாய் கதவைச் சாத்த வேண்டும். சளி நின்றுபோகிறது. பாக்டீரியாவைச் சேகரித்துத் தந்த அந்த நுண்மயிர்க் கொம்புகளின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தற்கொலை செய்துகொள்கின்றன. நாலைந்து நாளில் கொம்புகள் முற்றிலும் மறைந்துவிடும். பாக்டீரியா குடியேறாத குஞ்சுகளில் அவை அப்படியே இருக்கும், காத்துக்கொண்டு. ஆக, 'அழித்துவிடலாம்' என்ற உத்தரவு பாக்டீரியாவிடமிருந்து வருகிறது. அந்த உத்தரவு எந்த வேதிப்பொருள்?

2004இல் விடை கிடைத்தது. செல்சுவரின் ஒரு சிறு துணுக்கு அது. ஆய்வாளர்களுக்கு அது புதிய பொருளே அல்ல. கக்குவான் இருமல் கிருமி வெளியிடும் நச்சாக அது ஏற்கெனவே பாடநூல்களில் இருந்தது. குழந்தையின் மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்ச் செல்களைக் கொன்று, சளியை வெளியேற்ற வழியில்லாமல் அந்தக் கொடூரமான தொடர் இருமலுக்குக் காரணமாகும் பொருட்களில் ஒன்று. மேகவெட்டைக் கிருமியும் இதே துணுக்கை வெளியிட்டுக் கருக்குழாயின் நுண்மயிர்ச் செல்களைச் சிதைக்கிறது. அதே மூலக்கூறு, அதே வகைச் செல், அதே விளைவு. குழந்தையின் மார்பில் நிகழ்ந்தால் நோய் என்கிறோம். கணவாயின் ஒளியுறுப்பில் நிகழ்ந்தால் வளர்ச்சி என்கிறோம்.

'நல்ல பாக்டீரியா', 'கெட்ட பாக்டீரியா' என்று தயிர் டப்பாக்களில் அச்சிடுகிறவர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். நச்சு என்பது அந்தத் துணுக்கின் குணம் அல்ல. பாக்டீரியாவும் விலங்கும் பேசிக்கொள்ள மிகப் பழைய ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. நோயும் நட்பும் அதே சொற்களால்தான் எழுதப்படுகின்றன. முதலில் நோயில் கண்டுபிடித்ததால் அதற்கு நச்சு என்று பெயர் வைத்துவிட்டோம்.

நட்பு என்று நான் எழுதியதும் அவ்வளவு சரியில்லை. வேலைக்கு எடுத்த பிறகு கணவாய் நடந்துகொள்ளும் விதம் நண்பனுடையது அல்ல. ஒளி தருவதற்கு பாக்டீரியா கணிசமான ஆற்றலைச் செலவிட வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடித்து, ஒளிராமல் சும்மா தின்றுகொண்டு பெருகும் திரிபு ஒன்று தோன்றினால் என்ன ஆகும்? ஏமாற்றுக்காரனே வெல்ல வேண்டும். ஒளியை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய பாக்டீரியாக்களைக் குஞ்சுகளுக்குள் விட்டுப் பார்த்தார்கள். எல்லாக் கட்டங்களையும் அவை கடந்து உள்ளே போயின. முதல் நாள் நன்றாகவே இருந்தன. அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை சரிந்தது. ஒளியுறுப்புக்கு உள்ளேயே பார்க்கும் திறன் இருப்பதாக முன்பு சொன்னேன் அல்லவா? இருட்டாக இருக்கும் அறையை அது தெரிந்துகொள்கிறது என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. வேலை செய்யாதவனுக்கு இங்கே சம்பளம் கிடையாது.

தனியாக ஒரு பாக்டீரியா ஒளிர்ந்து எவருக்கும் பயனில்லை; பாக்டீரியாவுக்கும் நட்டம். கடலில் தனித்து மிதக்கும்போது விப்ரியோ ஃபிஷெரி கிட்டத்தட்ட இருட்டாகவே இருக்கும். கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் சேர்ந்து ஒளிரும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்று மூளையில்லாத ஒற்றைச் செல்லுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு 1970இல் கென்னத் நீல்சன், உட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் விடைக்கான முதல் அடியை எடுத்துவைத்தார்கள். குடுவையில் வளர்த்தபோது பாக்டீரியாக்கள் மணிக்கணக்கில் பெருகிக்கொண்டே போயின, ஒளியில் மாற்றமில்லை. பிறகு திடீரென்று ஒளி எகிறியது. ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு பொருளைச் சிறிது சிறிதாக வெளியே விடுகிறது, அது சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால் ஒளிக்கான மரபணு திறக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். பாக்டீரியாக்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன என்பதை அன்று பலரும் ஏற்கவில்லை. ஒளிரும் கடல் கிருமி ஒன்றின் விசித்திரம் என்று ஒதுக்கினார்கள். 1981இல் அந்தப் பொருளின் கட்டமைப்பு தெரிந்தது. 1990களில் அதே மாதிரிப் பொருட்கள் மற்ற பாக்டீரியாக்களில் வரிசையாகக் கிடைக்கத் தொடங்கின. மருத்துவமனைகளில் நுரையீரலைத் தாக்கும் சூடோமோனாஸ், ஆள் சேரும்வரை அடங்கியிருந்து சேர்ந்ததும் நச்சுகளை அவிழ்த்துவிடுகிறது. காலராக் கிருமியோ நேர்மாறு; கூட்டம் பெருத்ததும் நோயுண்டாக்கும் மரபணுக்களை மூடிக்கொண்டு குடலை விட்டுக் கிளம்பத் தயாராகிறது. இந்தப் பேச்சைக் கலைத்தே நோயைத் தடுக்கலாமா என்று இன்று பல ஆய்வகங்கள் முயல்கின்றன. எல்லாவற்றுக்கும் தொடக்கம் நோயோடு சம்பந்தமே இல்லாத ஒரு கடல் பாக்டீரியாவின் வெளிச்சம்.

இனி அந்த விடியற்காலைத் துப்பலுக்கு வருவோம். ஒளியுறுப்புக்குள் ஒரு நாள் என்பது மிகக் கறாரான கால அட்டவணை. விடியும் வெளிச்சம் பட்டதும் உறுப்பு சுருங்கி, அறைகளில் இருக்கும் கூழ் போன்ற திரளை வாசல் துளைகள் வழியே பிதுக்கித் தள்ளுகிறது. பாக்டீரியாக் கூட்டம் குறைந்ததும் ஒளி தணிந்துவிடும். பகலில் அது தேவையும் இல்லை. அந்த நேரத்தில் அறைச் சுவர்களின் செல்கள் தங்கள் சவ்வின் ஒரு பகுதியை உதிர்க்கின்றன. மிஞ்சியிருக்கும் பாக்டீரியாக்களுக்குப் பகல் சாப்பாடு அது. இரவு வந்ததும் சாப்பாடு மாறும். கணவாயின் இரத்த அணுக்கள் அறைகளுக்குள் புகுந்து கைட்டினைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதைப் பாக்டீரியா புளிக்கவைப்பதால் அமிலம் உண்டாகிறது. கணவாயின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது நம்மைப் போல இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் அல்ல, செம்பு கொண்ட ஹீமோசயனின். சுற்றுப்புறம் அமிலமானால் அது தன்னிடமுள்ள ஆக்சிஜனை இறக்கிவைத்துவிடும். ஒளியை உண்டாக்கும் வேதிவினைக்கு வேண்டியது ஆக்சிஜன். ஆக, இரவுச் சாப்பாட்டை மாற்றினாலே விளக்கு தூண்டிவிடப்படுகிறது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

துப்புவதில் கணவாய்க்கு என்ன இலாபம்? பகல் முழுக்கப் பெருங்கூட்டத்துக்குச் சோறு போடும் செலவு மிச்சம். பழைய, சோர்ந்த, ஏமாற்றும் செல்கள் வெளியேறிப் புதிய தலைமுறை வருவதும் ஒரு பயனாக இருக்கலாம். துப்பப்பட்ட பாக்டீரியாக்களுக்கும் நட்டமில்லை. கணவாய்கள் வாழும் கடலோரங்களில் அவை மற்ற இடங்களைவிட அதிகமாக மிதப்பதற்குக் காரணம் இந்தத் தினசரி வெளியேற்றம். அன்று இரவு பொரியப்போகும் குஞ்சுகளுக்கு அவையே விண்ணப்பதாரர்கள். கணவாயின் உடற்கடிகாரத்தையே பாக்டீரியாவின் ஒளி ஓரளவு முடுக்குகிறது என்பதும் தெரிந்திருக்கிறது. நாளின் நேரத்தை உணர்த்தும் ஒரு மரபணு, ஒளியுறுப்பில் மட்டும், சூரியனோடு அல்லாமல் பாக்டீரியாவின் வெளிச்சத்தோடு ஏறி இறங்குகிறது.

நம் குடலில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா இனங்கள் கலந்து வாழ்கின்றன. எது எதைச் செய்கிறது என்று பிரித்தறிவது பெரும்பாடு. இங்கே ஒரு விலங்கு, ஒரு பாக்டீரியா. இரண்டையும் பிரித்து வளர்க்கலாம். கணவாய் ஒளியில்லாமலும் ஆய்வகத்தில் பிழைக்கும், பாக்டீரியா குடுவையிலும் வளரும். வேண்டும்போது சேர்த்து வைக்கலாம். ஆய்வுக்கு இதைவிட வசதியான ஜோடி கிடைப்பது கடினம். அதனால்தான் இந்தக் கணவாய் விண்வெளிக்கும் போயிருக்கிறது. 2011இல் அமெரிக்க விண்வெளி ஓடங்களின் கடைசிப் பயணங்களில் குஞ்சுகள் சென்றன. 2021 ஜூனில் 128 குஞ்சுகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டன. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜேமி ஃபாஸ்டர் வழிநடத்திய ஆய்வு அது. எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் உடலுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவு குலைகிறதா என்பதே கேள்வி. மனிதக் குடலில் கேட்க முடியாத கேள்வியை, ஒரே பாக்டீரியாவோடு வாழும் இரண்டு மில்லிமீட்டர் உயிரிடம் கேட்டார்கள்.

ஒளியுறுப்பு இவ்வளவு புகழ் பெற்றதால், பெண் கணவாயிடம் உள்ள இன்னொரு பாக்டீரியா ஏற்பாடு வெகுகாலம் கண்டுகொள்ளப்படாமல் இருந்தது. கருவகத்துக்கு அருகே ஒரு சுரப்பி. அங்கே ஓரினம் அல்ல, பல இனங்கள் குடியிருக்கின்றன. பெண் முட்டையிடும்போது முட்டையைச் சுற்றியுள்ள கூழுறையில் இவற்றைக் கலந்துவிடுகிறது. இட்ட பிறகு தாய் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டைகள் ஏறத்தாழ மூன்று வாரம் பாறையிலோ பவளத்திலோ ஒட்டிக்கொண்டு தாமாகவே பொரிய வேண்டும். வெதுவெதுப்பான கடலில், ஊட்டமான கூழுக்குள், மூன்று வாரம். பூஞ்சை ஏறாமல் இருப்பதுதான் அதிசயம். ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாக்களை நீக்கியபோது முட்டைகளின் மேல் பூஞ்சை படர்ந்து கருக்கள் இறந்தன. படர்ந்தது ஃபியூசேரியம் பேரினத்தைச் சேர்ந்த பூஞ்சை. தமிழ்நாட்டில் கண் மருத்துவர்களுக்கு நன்கு பழக்கமான பெயர் அது: வயல் வேலையில் தாளோ சருகோ கண்ணில் கீறி, கருவிழியில் புண்ணோடு வரும் விவசாயிகளிடம் அவர்கள் அடிக்கடி காண்பது இந்தப் பூஞ்சைகளைத்தான். மருந்துக்கு எளிதில் மசியாது, பார்வையே போய்விடுவதும் உண்டு. கணவாய் முட்டையின் பாக்டீரியாக்கள் இந்தப் பூஞ்சையை எந்தெந்த வேதிப்பொருட்களால் தடுக்கின்றன என்று பிரித்தெடுக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.